ஒரு ப்ரோட்டோ-ஜெர்மானிக் சொல் எங்க இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி: *ரீக்ஸ் வச்சு முழுமையான வழிகாட்டி

கொஞ்ச வருஷமா ஒரு சின்ன ஆன்லைன் படிப்பு வட்டத்துல ஜெர்மானிக் சொற்களோட வேரைத் தேடுற வேலைய பண்ணிட்டு இருக்கேன். புதுசா வர்றவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் தடுக்கி விழறாங்க. அறிவு பத்தாம இல்ல, ஸ்டெப்போட வரிசை மாறிடுது, அதுதான் காரணம். இங்கிலீஷ் சொல்ல எடுத்து நேரா சமஸ்கிருதத்துக்குத் தாவிடுவாங்க, நடுவுல இருக்குற ரெண்டாயிரம் வருஷத்த அப்படியே விட்டுடுவாங்க.

அதனால ஒரே ஒரு சொல்ல எடுத்து முதல்ல இருந்து கடைசி வரைக்கும் போய்ப் பாப்போம். *ரீக்ஸ், ப்ரோட்டோ-ஜெர்மானிக்ல (இங்கிலீஷ், ஜெர்மன், ஸ்வீடிஷ் எல்லாத்துக்கும் பொதுவான பழைய தாய் மொழி) அர்த்தம் 'ஆள்றவன், அரசன்'. இங்கிலீஷ்ல ரிச், ஜெர்மன்ல ரைக்ஹ், ஸ்வீடிஷ்ல ரீகெ, எல்லாம் இந்தக் குடும்பம்தான். முன்னாடி இருக்குற நட்சத்திரக் குறிக்கு அர்த்தம், இந்த வடிவத்த எந்தக் கல்லுலயும் ஏட்டுலயும் யாரும் பாத்தது இல்ல, பிள்ளை மொழிகள வச்சு கணக்குப் போட்டு எழுதினது.

1. கையில என்னென்ன வேணும்

ப்ரோட்டோ-ஜெர்மானிக் அகராதி ஒண்ணு வேணும், கூஸ் க்ரோனன் 2013-ல போட்டது நல்லா இருக்கும். பழைய இங்கிலீஷுக்கு பாஸ்வொர்த்-டாலர் அகராதி நெட்லயே இலவசமா கிடைக்குது. கெல்டிக் (ஐரிஷ் மாதிரி மொழிகளோட குடும்பம்) பக்கம் பாக்க மட்டாசோவிச்சோட 2009 அகராதி. கூடவே லத்தீன், சமஸ்கிருத அகராதி ஏதாவது ஒண்ணு போதும்.

ஆனா ஒரு கண்டிஷன், ப்ரோட்டோ-ஜெர்மானிக் அகராதிய கடைசில தான் திறக்கணும். முதல்லயே விடையப் பாத்துட்டா அப்புறம் சாட்சிய எல்லாம் அந்த விடைக்கு ஏத்த மாதிரி வளைக்க ஆரம்பிச்சிடுவோம், நானே அப்படிப் பண்ணிருக்கேன், அதனால சொல்றேன்.

2. தமிழ்ல நோட்ஸ் எடுக்குறவங்க முதல்ல எழுத்த சரி பண்ணுங்க

இத யாரும் சொல்லித் தர்றது இல்ல, ஆனா நம்ம ஆட்கள் அதிகமா தப்பு பண்றது இங்கதான். கல்லுல வர்ற க-வும் தங்கத்துல வர்ற க-வும் நமக்கு ஒரே எழுத்து. ஜெர்மானிக் வரலாறு முழுக்க அந்த ரெண்டுக்கும் இருக்குற வித்தியாசத்து மேலதான் நிக்குது. சாதாரணமா எழுதினா பாதி சாட்சி நோட்டுலயே அழிஞ்சு போயிடும்.

வழி நம்ம வீட்டுலயே இருக்கு. ஸ்தோத்திரப் புத்தகத்துல க, க², க³, க⁴ன்னு நம்பர் போட்டு அச்சடிப்பாங்கல்ல, அதையே எடுத்துக்கோங்க. நம்பர் இல்லாட்டி கல்லோட க. மூணு போட்டா தங்கத்தோட க. நாலு போட்டா அதே க மூச்சுக்காத்தோட. த, ப வரிசைக்கும் இதே கணக்கு. உரசி வர்ற ஒலிக்கு ஆய்தம் போடுங்க: ஃப நமக்கு ஏற்கனவே பழக்கம், இங்கிலீஷ் 'த்ரீ'ல வர்ற உரசுற தகரத்துக்கு ஃத. க உரசினா ஹ.

3. பழைய மொழிகள்ல இருந்து சாட்சி சேருங்க, புதுசுல இருந்து இல்ல

முதல்ல காதிக், இன்னைக்கு அழிஞ்சு போன ஒரு ஜெர்மானிக் மொழி. நாலாம் நூற்றாண்டுல வுல்ஃபிலா பண்ண பைபிள் மொழிபெயர்ப்புதான் அதுல நமக்குக் கிடைச்ச பெரிய சொத்து, அதோட பேர்போன கையெழுத்துப் பிரதி இன்னைக்கு ஸ்வீடன்ல உப்சாலா பல்கலைக்கழக லைப்ரரியில இருக்கு. அதுல ரீக்ஸ் 'ஆள்பவன்'னு வருது. (காதிக்ல இ-க்கு முன்னாடி எ சேத்து எழுதிருப்பாங்க, படிக்கிறப்போ நெடில் ஈ. புதுசா வர்றவங்க இத ரெய்க்ஸ்னு எழுதி வச்சிடுவாங்க, அப்படி வச்சா அடுத்த எல்லா ஸ்டெப்பும் தப்பாப் போகும்.)

அப்புறம் பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியாவோட பழைய மொழி): ரீக்ர் 'வலிமையான', ரீகி 'ராஜ்யம்'. பழைய இங்கிலீஷ்: ரீச்செ, 'வலிமையான' 'ராஜ்யம்' ரெண்டுக்கும். பழைய சாக்ஸன் ரீகி. பழைய ஹை ஜெர்மன் (இன்னைக்கு ஜெர்மனோட பழைய வடிவம்) ரீஹ்ஹி.

இன்னைக்கு இருக்குற இங்கிலீஷ் ரிச்ச ஏன் எடுக்கக் கூடாதுன்னு கேப்பீங்க. ஃப்ரெஞ்ச்ல இருந்து வந்த ரீஷ் அந்தச் சொல்லு மேல ஏறி உக்காந்துருக்கு, அந்த ஃப்ரெஞ்ச் சொல்லே ஃப்ராங்க்ஸ்ங்கிற ஜெர்மானிக் ஜனங்க கிட்ட இருந்து வாங்கினது. இப்படிச் சுத்தி வந்த சொல்ல சாட்சிக் கூண்டுல ஏத்தினா அது யாரோட சாட்சின்னே தெரியாது. நூறு வருஷத்துக்கு முந்தின வடிவம் ஒண்ணு கிடைச்சாலும் இன்னைக்கு வடிவத்த விட அது மேல்.

ஆட்களோட பேர்களையும் விடாதீங்க. அலாரிக், தியோடோரிக், ஃப்ரீட்ரிக், ஹைன்ரிக் எல்லாத்துலயும் கடைசில இருக்குறது இந்தச் சொல்தான். காதிக்ல மட்டும் தனியா நிக்கிற 'அரசன்' அர்த்தம் மத்த இடத்துல பேருக்குள்ள ஒளிஞ்சு இருக்கு.

4. வால வெட்டிட்டு உடம்ப மட்டும் எடுங்க

காதிக் ரீக்ஸ்ல கடைசி ஸ் எழுவாய் வேற்றுமை உருபு. நார்ஸ் ரீக்ர்ல ர் அதே வேலைய செய்யுது. மத்ததுல வர்ற இ, எ எல்லாம் பெயரடை உண்டாக்க சேத்த விகுதியோட மிச்சம். எல்லாத்தையும் கழிச்சா நிக்கிறது ரீக்-.

இத ஏன் தனி ஸ்டெப்பா வைக்கிறேன்னா, வால் ஒண்ணா இருக்குன்னு ரெண்டு சொல்ல சொந்தக்காரங்கன்னு முடிவு கட்டுறவங்க நிறைய. நம்ம கிட்டயே 'வந்தான்', 'மாந்தன்' ரெண்டும் ன்-ல முடியுது, அதுக்காக ரெண்டும் ஒரே வேரா?

5. ஜெர்மானிக் வடிவத்தக் கட்டுங்க

உயிர் ஈஸி. எல்லா மொழியிலயும் ஈ, அதனால ஈ. மெய்யிலதான் பொறி இருக்கு: காதிக், நார்ஸ், சாக்ஸன் எல்லாம் க சொல்லுது, ஹை ஜெர்மன் மட்டும் உரசுற ஹ்ஹ சொல்லுது. பழைய இங்கிலீஷ்ல ச்ச.

இந்த ஹ பழசு இல்ல. ஹை ஜெர்மன் மட்டும் பின்னாடி தனியா இன்னொரு ரவுண்டு ஒலி மாத்தம் பண்ணிச்சு, உயிருக்கு அப்புறம் வர்ற க அதுல உரசலாச்சு. டச்சுல இன்னைக்கும் ரைக், க அப்படியே இருக்கு. இங்கிலீஷ் ச்ச-வும் பக்கத்துல இ இருந்ததால க மெலிஞ்சு வந்தது. ஜெர்மன் தெரிஞ்சவங்கதான் இங்க அதிகமா விழறாங்க, தெரிஞ்ச மொழி மேல இருக்குற நம்பிக்கையில ரைக்ஹ்-ஓட கடைசி ஒலிதான் மூலம்னு நெனச்சு *ரீஹ்-னு எழுதிடுவாங்க. ஒரே ஒரு கிளை மட்டும் தனியா நின்னா மொதல்ல அந்தக் கிளை மாறிச்சான்னு பாருங்க.

ஆக *ரீக்-. சின்னதா ஒரு குறிப்பு, நம்ம கட்டுற வடிவம் சரியான்னு பாக்க ஃபின்னிஷ் மொழி பெரிய உதவி. ரொம்பப் பழைய காலத்துல ஃபின்னிஷ் ஜெர்மானிக்ல இருந்து கடன் வாங்கி அப்படியே பொத்தி வச்சிருக்கு. 'அரசன்'னு இன்னொரு சொல், *குனிங்க³ஸ்னு கணக்குப் போட்டு எழுதுறோம், ஃபின்னிஷ்ல இன்னைக்கும் குனிங்கஸ். கடைசி அஸ் கூட உயிரோட இருக்கு. இத முதல் தடவ பாத்தப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு, கணக்குல மட்டும் இருந்த ஒண்ண ஹெல்சின்கியில ஒருத்தர் சாதாரணமா பேசிட்டு இருக்கார்.

6. கிரிம் விதிய ரிவர்ஸ்ல ஓட்டுங்க

நம்பர் போட்டு வச்சதுக்குப் பலன் இப்பத்தான். மூல இந்தோ-யூரோப்பியன்ல (லத்தீன், சமஸ்கிருதம், கெல்டிக், ஜெர்மானிக் எல்லாத்துக்கும் பொதுவான தாய் மொழி) இருந்து ஜெர்மானிக் வந்தப்போ எல்லா வல்லினமும் ஒரு படி நகந்துச்சு. 4 போய் 3 ஆச்சு, 3 போய் நம்பர் இல்லாதது ஆச்சு, நம்பர் இல்லாதது உரசலாச்சு, இதுதான் கிரிம் விதி.

சமஸ்கிருத ப்⁴ராதா, இங்கிலீஷ் ப்³ரதர்: 4 போய் 3. சமஸ்கிருத த³ச, இங்கிலீஷ் டென்: 3 போய் நம்பர் இல்லாதது (நம்ம காதுக்கு ட-வா கேக்கும், கணக்குல அது த வரிசைதான்). சமஸ்கிருத பிதா, இங்கிலீஷ் ஃபாதர்: ப போய் ஃப.

நம்ம *ரீக்-ல இருக்குறது நம்பர் இல்லாத க. ரிவர்ஸ்ல போனா க³. அப்ப ஜெர்மானிக்குக்கு முன்னாடி இது ரீக்³-.

வெர்னர் விதியும் ஒண்ணு இருக்கு, நம்ம சொல்லுக்கு வேண்டாம், ஆனா எப்ப வேணும்னு தெரிஞ்சு வைங்க. உரசலா மாறினதுக்கு முன்னாடி அசையில அழுத்தம் இல்லாட்டி அந்த உரசல் மறுபடி 3 பக்கம் சாஞ்சிடும். வேத மொழியில பிதா-வுக்கு அழுத்தம் கடைசில, ப்⁴ராதா-வுக்கு முதல்ல. அதனால ஜெர்மானிக்ல *ஃபதே³ர், ஆனா *ப்³ரோஃதேர். இங்கிலீஷ் பின்னாடி ரெண்டையும் ஒண்ணாக்கிடுச்சு, ஜெர்மன்ல ஃபாட்டர், ப்ரூடர்னு வித்தியாசம் இன்னும் கேக்குது. இது உரசல் ஒலிகளுக்கு மட்டும்தான், க³-ல இருந்து வந்த க-வுக்கு இல்ல, அதனால தாண்டிப் போறோம்.

7. இப்பத்தான் வெளிய சொந்தம் தேடணும்

கையில ரீக்³- இருக்கு, அர்த்தம் 'அரசன்'. லத்தீன்ல ரேக்ஸ், அடி ரேக்³-. சமஸ்கிருதத்துல ராஜ்-, ராஜன், நாம தெனமும் சொல்ற ராஜா அதுதான். (மூலத்துல இருந்த ஒரு வகை க³ சமஸ்கிருதத்துல ஜ ஆயிடும், அதனால மெய் பொருந்துது.) பழைய ஐரிஷ்ல ரீ, ஆறாம் வேற்றுமையில ரீக்³. கால் (Gaul, இன்னைக்கு ஃப்ரான்ஸ் இருக்குற பக்கம், கெல்டிக் மொழி பேசின நாடு) நாட்டுத் தலைவர்கள் பேரு பாருங்க, வெர்சிங்கெடோரிக்ஸ், டும்னோரிக்ஸ், அம்பியோரிக்ஸ், எல்லாத்துலயும் ரீக்ஸ்.

இங்க வந்தவுடனே முக்கால்வாசிப் பேர் "முடிஞ்சது, மூல மொழியில இருந்து எல்லாரும் பங்கு பிரிச்சு வாங்கினாங்க"ன்னு நோட்ட மூடிடுவாங்க. மூடாதீங்க.

8. எது ஒட்டலையோ அங்க நில்லுங்க

உயிரப் பாருங்க. லத்தீன் ஏ, ஜெர்மானிக் ஈ. "ஏ-வும் ஈ-யும் பக்கத்து ஒலிதானே"ன்னு தள்ளிவிடத் தோணும், ஆனா இந்தச் சொல்லோட கதை முழுக்க அந்த ஒரு எழுத்துலதான் இருக்கு.

மூல மொழியோட நெடில் ஏ ஜெர்மானிக்ல என்ன ஆகும்னு ஒரு சந்தேகம் இல்லாத சொல்ல வச்சு செக் பண்ணுங்க. 'விதை' எடுத்துக்கலாம். லத்தீன் ஸேமன், ஏ. காதிக்ல ஸேஃத்ஸ், ஏ. பழைய ஹை ஜெர்மன் ஸாட், ஆ. இங்கிலீஷ் இன்னைக்கு ஸீட் சொன்னாலும் பழைய வடிவத்துல ஈ இல்ல, ஏ-க்கும் ஆ-வுக்கும் நடுவுல இருக்குற நெடில். ஆக விதி இதுதான்: ஏ அப்படியே ஏ, வடக்கு மேற்கு மொழிகள்ல அப்புறம் ஆ பக்கம் போகும். ஒரு இடத்துலயும் ஈ ஆகல.

அப்படின்னா ஜெர்மானிக் இந்தச் சொல்ல அம்மா வீட்டு சொத்தா வாங்கிருந்தா காதிக்ல *ரேக்ஸ், ஹை ஜெர்மன்ல *ராஹ்- மாதிரி வந்துருக்கணும். வரல.

சமஸ்கிருதத்த வச்சு இத செக் பண்ண முடியாது, அங்க பழைய எ, ஒ, அ எல்லாம் ஒரே அ-வா கலந்துடுச்சு. அழுத்தம் பாக்கவும் நாலாம் வரிசை பாக்கவும் சமஸ்கிருதம் தங்கம், உயிருக்கு லத்தீன், கிரேக்கம் பக்கம் போங்க.

9. கடன்னு சொல்ல சாட்சி வேணும்

யார் வீட்டுல ஏ ஈ-யா மாறுது? கெல்டிக்ல. அதுவும் இந்த ஒரு சொல்லுல மட்டும் இல்ல, எல்லாத்துலயும். அதே 'விதை' பழைய ஐரிஷ்ல ஸீல். லத்தீன் ஏ, ஐரிஷ் ஈ, சுத்தமான ஜோடி. ஆக ரேக்³- ரீக்³- ஆனது கெல்டிக்குள்ள நடந்த சாதாரண மாத்தம், ஜெர்மானிக் அந்த மாறின பொருளத்தான் வாங்கிருக்கு.

கடன்னு சொல்றதுக்கு நான் கேக்குற கேள்வி இதுதான்: இந்த ஒலி வாங்கினவங்க விதிப்படி வராம கொடுத்தவங்க விதிப்படி வருதா? ஆமான்னா நிக்கும். இடம், காலம், தொடர்பு எல்லாம் அதுக்கு அப்புறம் துணை சாட்சி.

இன்னொரு டெஸ்டும் இருக்கு, சொல்ல உடைச்சா எந்த மொழியில அர்த்தம் வருது? *அம்ப³ஹ்தஸ் 'வேலைக்காரர்', இன்னைக்கு ஜெர்மன் ஆம்ட், 'அரசு அலுவலகம்'. ஜூலியஸ் சீசர் கால் மக்கள்ல பெரிய மனுஷங்க கூட இருந்த ஆட்கள இதே சொல்லாலதான் சொல்றார். முன்னாடி இருக்குற அம்பி³ கெல்டிக்ல 'சுத்தி'. ஜெர்மானிக்குக்கு சொந்தமா அதே உருபு உண்டு, அது *உம்பி³, ஜெர்மன் உம். உள்ளூர்ல பொறந்த சொல்லா இருந்தா உ-ல ஆரம்பிச்சிருக்கணும்.

10. எப்ப வந்துச்சு

வருஷம் சொல்ல முடியாது, வரிசை சொல்ல முடியும். கெல்டிக் க³ ஜெர்மானிக்ல க ஆயிருக்கு, அதாவது கிரிம் மாத்தம் நடக்குறதுக்கு முன்னாடியே இந்தச் சொல் வீட்டுக்குள்ள வந்துடுச்சு, அப்புறம் வீட்டோட சேந்து நகந்துச்சு.

பின்னாடி வந்த கடன பக்கத்துல வச்சுப் பாத்தா தெளிவாகும். சீசரோட பேரு ஜெர்மானிக்ல *கைஸர்-னு நின்னுச்சு, க ஹ ஆகல. லத்தீன் டி³ஸ்கஸ் பழைய இங்கிலீஷ்ல டி³ஷ் ஆச்சு, முதல் எழுத்து 3-லயே நின்னுடுச்சு. சீசர் செத்தது கி.மு. 44. அவர் பேரு வந்தப்போ மாத்தம் ஓடி முடிஞ்சாச்சு. *ரீக்- அதுக்கு முந்தின அடுக்கு. இன்னொரு பக்கம் கஞ்சாச் செடியோட பேரு, கிரேக்கத்துல கன்னபி³ஸ், ஜெர்மானிக்ல *ஹனபி-, க ஹ ஆச்சு, ப³ ப ஆச்சு, அதுவும் முந்தின அடுக்குதான்.

11. இன்னும் பின்னாடி போகணுமா

போகலாம், ஆனா இப்ப நீங்க தேடுறது கெல்டிக் சொல்லோட மூலம், ஜெர்மானிக் சொல்லோடது இல்ல. இந்த வித்தியாசத்த நோட்டுல எழுதிக்கோங்க.

பெரும்பாலானவங்க சொல்ற வேர் 'நேராக்கு, நேரா நீட்டு'ங்கிற அர்த்தத்துல வர்றது, லத்தீன் ரெகோ³ 'வழிநடத்துறேன்' அதுல இருந்துதான். அந்த வேர் ஜெர்மானிக்குக்கு நேரடி சொத்தாவும் வந்துருக்கு: *ரெஹ்தஸ், காதிக் ரெஹ்த்ஸ், ஜெர்மன் ரெக்ஹ்ட், இங்கிலீஷ் ரைட். அதாவது ரைட் சொந்த வீட்டுப் பிள்ளை, ரிச் பக்கத்து வீட்டுல வளந்து திரும்பி வந்த பிள்ளை, பாட்டி ஒருத்திதான்.

12. திரும்பத் திரும்ப பாக்குற தப்புகள்

ஒரே மாதிரி இருக்குன்னு நம்புறது. லத்தீன் ஹபே³ரெ 'வச்சிரு', ஜெர்மன் ஹாபன் 'வச்சிரு', அச்சு அசலா ஒண்ணு, ஆனா சொந்தமே இல்ல. ஜெர்மானிக் ஹ-வ ரிவர்ஸ்ல ஓட்டினா க வரும், அதனால ஹாபனோட உறவு லத்தீன் கபெரெ 'பிடி'. ரெண்டு மொழிக்கு நடுவுல ஹ-வும் ஹ-வும் அப்படியே ஒத்துப் போனாலே சந்தேகப்படணும்.

நம்ம ஆட்கள் கிட்ட இருந்து அடிக்கடி வர்றது 'ஒன்' நம்ம 'ஒன்று'ல இருந்து வந்துச்சுங்கிறது. மூணாவது ஸ்டெப்ப ஒழுங்கா பண்ணினா இது தானா உதுந்துடும்: பழைய இங்கிலீஷ்ல அது ஆன், காதிக்ல ஐன்ஸ், ஜெர்மானிக்ல *ஐனஸ். இன்னைக்கு காதுல விழற 'வ'-வும் அந்த உச்சரிப்பும் இங்கிலீஷ்ல பின்னாடி வந்தது, 'ஒன்லி', 'அலோன்'ல அது இல்ல பாருங்க. நம்ம ஒன்றுக்கு கன்னட ஒந்து, மலையாள ஒன்னுன்னு சொந்த வீடு நல்லாவே இருக்கு, ஊர் பேர் தெரியாத உறவு அதுக்குத் தேவையில்ல.

அப்புறம் விடை கிடைக்கலைன்னா ஏதாவது ஒண்ண ஒட்டி வைக்கிறது. 'கடல்'னு *ஸைவி-, காதிக் ஸைவ்ஸ், ஜெர்மன் ஸே, இங்கிலீஷ் ஸீ. ஜெர்மானிக்குள்ள எல்லாம் அழகா பொருந்துது, வெளிய போனா எல்லாரும் ஒத்துக்கிற உறவு ஒண்ணும் இல்ல. அங்க "மூலம் தெரியல"ன்னு எழுதணும். அதுவும் முழு விடைதான், எட்டு ஸ்டெப் பண்ணிட்டு எழுதினா.

13. பதிவு எழுதுறது

இப்ப அகராதியத் திறந்து ஒத்துப் பாருங்க. உங்க பதிவு இப்படி இருக்கணும்: *ரீக்- 'அரசன்', காதிக் ரீக்ஸ், மத்ததுல பேர்களும் வழிச் சொற்களும், கெல்டிக் ரீக்³-ல இருந்து கடன், சாட்சி ஈ, காலம் க³ க ஆகுறதுக்கு முன்னாடி, கெல்டிக் சொல் மூல மொழி ரேக்³-. ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்துல அதத் தாங்குற எழுத்த எழுதுங்க, ஆறு மாசம் கழிச்சு நீங்களே படிச்சா புரியணும்.

அடுத்து 'இரும்பு' எடுங்க, *ஈஸர்ன-. காதிக் ஈஸர்ன், கால் பக்கம் இஸர்னோ-, பழைய ஐரிஷ் ஈயர்ன். கெல்டிக் கடன்னுதான் பொதுவா சொல்றாங்க, ஆனா ஸ, ர, ன மூணுமே கிரிம் விதி தொடாத ஒலிகள், பத்தாவது ஸ்டெப்புக்கு வர்றப்போ உங்களால முன்னாடியா பின்னாடியான்னு சொல்லவே முடியாது. அந்தக் கட்டத்த காலியா விடுங்க.